மூன்று நட்டுச் சக்கரம்: ஒரகடத்தில் உருவான ஒரு கார் பிளாட்ஃபார்ம்

ரெனோ க்விட் காரின் சக்கரத்தை மூன்றே நட்டுகள் பிடித்திருக்கும். அந்த அளவுள்ள மற்ற கார்களில் பெரும்பாலும் நான்கு இருக்கும். சக்கரத்துக்கு ஒன்று குறைந்தால் காருக்கு நான்கு நட்டு மிச்சம். அதோடு ஹப்பில் நான்கு துளைகள் மிச்சம், அசெம்பிளி வரிசையில் நட்டு முடுக்கும் நேரம் மிச்சம். முன் கண்ணாடியைத் துடைக்க ஒரே ஒரு வைப்பர். சன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுவிட்சு கதவில் இல்லை. நடுவில், கியருக்கு மேலே இருக்கிறது. கதவுக்குள் ஓடும் வயர் அதனால் குறைகிறது. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நாட்டுக்கும் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நாட்டுக்கும் ஒரே கதவு போதும். வேகத்தைக் காட்ட முள் இல்லை, எண் மட்டும்தான்.

அதே காரில், 2015இல், ஏழு அங்குலத் தொடுதிரை இருந்தது. அந்த விலையில் அதற்கு முன் எவரும் அதைக் கொடுத்ததில்லை. எதைக் குறைப்பது, எதைக் கொடுப்பது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார் என்பது காரைச் சுற்றி ஒரு நடை வந்தாலே தெரிந்துவிடும். அந்தக் கணக்கு க்விட் என்ற ஒரு காருக்காக மட்டும் போடப்பட்டதல்ல. ரெனோவும் நிசானும் சேர்ந்து சிறிய நகரக் கார்களுக்காகச் சென்னையில் உருவாக்கிய ‘சி.எம்.எஃப்-ஏ’ என்ற பொது பிளாட்ஃபார்முக்காகப் போடப்பட்டது. பத்தாண்டு கழித்துப் பார்க்கும்போது, அதில் எந்தப் பகுதி பலித்தது, எது பொய்த்தது என்பது தெளிவாகவே தெரிகிறது.

பிளாட்ஃபார்ம் என்றால் காரின் அடித்தகடு என்று பலரும் நினைப்பதுண்டு. ஒரு காலத்தில் அது ஏறக்குறைய சரிதான். ரெனோ–நிசான் கூட்டணி 2013இல் அறிவித்த முறையில் ஒரு கார் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது: எஞ்சின் இருக்கும் முன்கூடு, ஓட்டுநர் அறையின் முன்பகுதி, முன் அடிப்பகுதி, பின் அடிப்பகுதி, மின்னணு அமைப்பு. ஒவ்வொரு தொகுதியிலும் சில வகைகளைச் செய்துவைத்துக்கொண்டால், அவற்றைச் சேர்த்துப் பல கார்களை உருவாக்கலாம். இதனால் ஒரு புதிய மாடலை உருவாக்கும் செலவு 30 முதல் 40 சதவீதமும், உதிரிபாகங்களின் செலவு 20 முதல் 30 சதவீதமும் குறையும் என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. நிறுவனங்கள் தம் திட்டத்தைப் பற்றித் தாமே சொல்லும் கணக்கு எப்போதுமே கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். என்றாலும் திசை சரிதான்.

சிறிய காருக்கு இந்தப் பகிர்வு ஏன் இவ்வளவு அவசியம்? சிறிய காரின் விலைதான் சிறியது, அதை உருவாக்கும் செலவு சிறியதல்ல. பெரிய காரின் கதவைத் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்க எத்தனை டை (அச்சு) வேண்டுமோ, சிறிய கதவுக்கும் ஏறக்குறைய அத்தனை வேண்டும். மோதல் சோதனை, பிரேக் சோதனை, புகைச் சோதனை எல்லாம் அப்படியே. பொறியாளரின் சம்பளம் அவர் வரையும் காரின் நீளத்தைப் பொறுத்து மாறுவதில்லை. பத்து லட்சம் ரூபாய்க் காரும் மூன்று லட்சம் ரூபாய்க் காரும் இந்த நிலையான செலவைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் சுமக்கின்றன, லாபமோ முன்னதில்தான். ஆகவே சிறிய கார் பிழைக்க ஒரே வழி எண்ணிக்கை. ஒரு பெயரில் அந்த எண்ணிக்கை வராது என்றால் இரண்டு மூன்று பெயர்களில் விற்க வேண்டும்.

ஐரோப்பாவில் இதற்கு நல்ல முன்மாதிரி இருந்தது. டொயோட்டாவும் பிரான்சின் பியூஜோ–சித்ரோன் குழுமமும் செக் நாட்டின் கொலீன் நகரில் ஒரு கூட்டு ஆலை கட்டின. 2005 முதல் அங்கே டொயோட்டா அய்கோ, பியூஜோ 107, சித்ரோன் சி1 என்ற மூன்று கார்கள் ஒரே வரிசையில் இறங்கின. ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளம். பம்பர், விளக்கு, பின்பக்கம் போன்ற சிலவற்றைத் தவிர மூன்றும் ஒன்றுதான். வடிவமைப்பையும் உற்பத்தியையும் டொயோட்டா பார்த்துக்கொண்டது, உதிரிபாகக் கொள்முதலைப் பிரெஞ்சுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு எது நன்றாக வருமோ அந்த வேலை. 2010இல் டொயோட்டாவின் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கல் உலகச் செய்தியானபோது, கொலீனில் பிறந்த பியூஜோவும் சித்ரோனும்கூடத் திரும்ப அழைக்கப்பட்டன. பாகத்தைப் பகிர்ந்தவர்கள் பழுதையும் பகிர வேண்டியிருந்தது.

சென்னைக் கதையின் வேர் ருமேனியாவில் இருக்கிறது. ரெனோவின் தலைவராக இருந்த லூயி ஷ்வைட்சர், கிழக்கு ஐரோப்பாவில் பழைய லாடா கார்களே மலிவு விலைக்காக விற்றுத் தீர்வதைக் கண்டு, 5,000 யூரோவில் ஒரு நவீன கார் வேண்டும் என்றார். 1999இல் ரெனோ வாங்கிய டாச்சியா நிறுவனத்திலிருந்து 2004இல் லோகன் வந்தது. அந்தக் குடும்பத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெரார் தெத்தூர்பே. லோகன் இந்தியாவுக்கும் வந்தது. 2007இல் மகேந்திராவுடன் சேர்ந்து ரெனோ அதை விற்றது, எடுபடவில்லை. 2006 பட்ஜெட் முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும், சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்குக் கலால் வரிச் சலுகை இருந்தது. லோகனோ நான்கு மீட்டரைத் தாண்டிய கார். வாடகை டாக்சிகளில் மட்டும் அது நெடுநாள் ஓடியது.

2008இல் டெல்லி கண்காட்சியில் ரத்தன் டாட்டா நானோவைக் காட்டினார். ஒரு லட்சம் ரூபாய் என்ற எண் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ரெனோ–நிசானும் பஜாஜ் நிறுவனத்துடன் சேர்ந்து அதே மாதிரி மிக மலிவான கார் செய்வதாக அறிவித்தன. பஜாஜ் 2012இல் காட்டியது காராக இல்லை, ஆட்டோவுக்கு நான்காவது சக்கரம் வைத்ததுபோல இருந்தது. கூட்டு அதோடு முடிந்தது. நானோவுக்கு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். ‘உலகின் மலிவான கார்’ என்ற பட்டமே அதை வாங்க நினைத்தவரைத் தள்ளி நிற்க வைத்தது. கடன் வாங்கி முதல் கார் வாங்குகிறவர் தெருவில் தலை நிமிர்ந்து போகத்தான் வாங்குகிறார்.

தெத்தூர்பே சென்னைக்கு வந்து குடியேறியபோது ஓய்வு வயதைத் தாண்டியவர். ரெனோவுக்கும் நிசானுக்கும் பொதுவாக, சிறிய கார் பிரிவுக்கென ஒரு தனி வளர்ச்சிக் குழு அவருக்குக் கீழே அமைக்கப்பட்டது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் கூட்டணி 2010இல் திறந்த ஆலை அருகில் இருந்தது. செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் கூட்டணியின் தொழில்நுட்ப மையம் இருந்தது. இவற்றைவிட முக்கியமானது, இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாயும் மறைமலைநகரில் ஃபோர்டும் 1990களின் பிற்பகுதியிலேயே வந்ததால் இந்தப் பகுதியில் வளர்ந்திருந்த உதிரிபாகத் தொழில். இருக்கை, வயர் தொகுதி, வார்ப்பு, பிளாஸ்டிக் என்று எதற்கும் ஓரிரு மணி நேரப் பயணத்துக்குள் ஆள் இருந்தார்கள். படத்தை வரைந்துவிட்டு விலை கேட்பதற்குப் பதிலாக, விலையைச் சொல்லிவிட்டு, அதற்குள் அடங்க வரைபடத்தில் எதை மாற்றலாம் என்று சப்ளையரோடு உட்கார்ந்து பேச முடிந்தது.

இங்கே எடுக்கப்பட்ட முடிவுகளில் எனக்கு மிகத் துணிச்சலானதாகப் படுவது, கையில் இருந்த பழைய பாகங்களைப் பயன்படுத்த மறுத்ததுதான். லோகன், ரெனோவின் கிடங்கிலிருந்த பாகங்களை எடுத்துச் சிக்கனமாகச் சேர்த்த கார். ஐரோப்பாவுக்கென வடிவமைத்த பாகத்தை எவ்வளவு செதுக்கினாலும் மூன்று லட்சம் ரூபாய்க் காருக்குள் அது அடங்காது என்பது இந்தக் குழுவின் கணிப்பு. ஆகவே எஞ்சினும் புதிது, கியர்பாக்ஸும் புதிது. 799 சி.சி., மூன்று சிலிண்டர், 54 குதிரைத்திறன். வண்டியின் எடை ஏறக்குறைய 660 கிலோ. பாகங்களில் 98 சதவீதம் இந்தியாவில் செய்தவை என்றது ரெனோ. இந்தத் திட்டத்தைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த பிரெஞ்சு மேலாண்மை ஆய்வாளர் கிறிஸ்தோஃப் மிட்லேரும் உடன் ஆசிரியர்களும் எழுதிய புத்தகமே இருக்கிறது. ஒரகடத்தில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள பிரெஞ்சுக்காரர் எழுதியதைத் தேட வேண்டியிருப்பது நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பெருமையான செய்தி இல்லை.

2015 மே மாதம் சென்னையில் கூட்டணியின் அப்போதைய தலைவர் கார்லோஸ் கோன் க்விட்டை அறிமுகப்படுத்தினார். செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 2.57 லட்சம் ரூபாயில் தொடங்கியது. இரண்டு வாரத்தில் 25,000 பேர் பதிவு செய்தார்கள். நானோவிடமிருந்து கற்ற பாடம் காரின் உருவத்திலேயே தெரிந்தது. தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம், சக்கர வளைவுகளில் கறுப்பு விளிம்பு, நிமிர்ந்த முகம். ஒரு குட்டி எஸ்.யு.வி. போன்ற தோற்றம். காசை மிச்சப்படுத்தியது கண்ணில் படாத இடத்தில், செலவழித்தது கண்ணில் படும் இடத்தில். மாருதி ஆல்டோவை மட்டுமே யோசித்தவர்கள் முதன்முதலாக வேறொரு ஷோரூமுக்குள் நுழைந்தார்கள்.

இனி இந்த பிளாட்ஃபார்மின் இரட்டையரில் இரண்டாவது. 2016 ஜூனில், அதே ஒரகடத்தில், அதே எஞ்சினோடு நிசானின் டாட்சன் ரெடி-கோ வந்தது. விலை 2.39 லட்சத்தில் தொடக்கம். கொலீன் மும்மூர்த்திகளைப்போல் இது முகம் மட்டும் மாறிய கார் அல்ல. க்விட்டின் நீளம் 3.68 மீட்டர், ரெடி-கோவினுடையது 3.43 மீட்டர். சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் வேறு, மேல்கூடு முழுவதும் வேறு. ஒரு பிளாட்ஃபார்ம் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று காட்ட விரும்பிய பொறியாளருக்கு இது வெற்றி. கணக்குப் பிள்ளைக்கோ தலைவலி. தகடு வேறு என்றால் டை வேறு. டை வேறு என்றால் முதலீடு மறுபடியும். அந்த முதலீட்டைத் திருப்பித் தரும் அளவுக்கு வண்டி விற்க வேண்டும்.

விற்கவில்லை. டாட்சன், நிசான் 1980களில் கைவிட்டு 2012இல் மீண்டும் எடுத்த பழைய பெயர். இந்தோனேசியா, ரஷ்யா, இந்தியா போன்ற நாடுகளில் முதல் கார் வாங்குபவருக்கான பெயராக அதை நிறுத்தினார்கள். ‘முதல் கார் வாங்குபவருக்கு’ என்பதை நம் ஊர்க்காரர் ‘வசதி குறைந்தவருக்கு’ என்று படித்தார். நானோ விழுந்த பள்ளம் அதே இடத்தில்தான் இருந்தது. க்விட் சுற்றிப் போனது, ரெடி-கோ நேராக இறங்கியது. 2022 ஏப்ரலில் டாட்சன் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. க்விட் அதற்குள் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஆக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயர்களில் பகிர்வது என்ற மூலத்திட்டம் தோற்றது. அப்படியானால் பிளாட்ஃபார்மே தோற்றதா? இல்லை. அது வேறொரு வழியில் காசைத் திருப்பித் தந்தது. 2019இல் அதே அடித்தளத்தை நீட்டி ரெனோ ட்ரைபர் வந்தது. சக்கர இடைவெளி 2,422 மில்லிமீட்டரிலிருந்து 2,636 ஆனது. ஏழு பேர் உட்காரலாம். ஆரம்ப விலை 4.95 லட்சம். 2020 டிசம்பரில் நிசான் மேக்னைட், 2021 பிப்ரவரியில் ரெனோ கைகர். இவற்றின் நீளத்தைப் பாருங்கள்: ட்ரைபர் 3,990, மேக்னைட் 3,994, கைகர் 3,991 மில்லிமீட்டர். நான்கு மீட்டர் வரிக்கோட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு மூன்றும் நிற்கின்றன. ஒரு காரின் உருவத்தை வரைவதில் நிதியமைச்சகத்துக்கும் பங்குண்டு.

மேக்னைட் வந்த வேளையில் இந்தியாவில் நிசானின் நிலை மிக மோசமாக இருந்தது. இங்கே அந்தப் பெயரைத் தாங்கிப் பிடித்தது இந்த ஒரு கார்தான். மிக மலிவான காருக்கென வெட்டிய அடித்தளம், அதற்கு இரு மடங்கு விலையுள்ள கார்களைச் சுமந்தபோதுதான் லாபம் தரத் தொடங்கியது. ஒரே காலத்தில் இரட்டையராக அல்ல, காலப்போக்கில் தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்ததில்தான் பலன் இருந்தது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. கீழ்த்தட்டுச் சந்தை கரைந்துகொண்டே போனதால் மேலே ஏறினார்கள்.

இனிப் பேச வேண்டியது உயிரைப் பற்றி. 2016 மே மாதம் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு க்விட்டை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பல வகைகளையும், ஓட்டுநர் ஏர்பேக் உள்ளதையும்கூடச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்பில் எல்லாமே பூஜ்யம். ஏர்பேக் இருந்தும் பூஜ்யம் என்பதைக் கவனிக்க வேண்டும். கூடு நசுங்கினால் காற்றுப்பையால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அந்த ஆண்டிலேயே மறுபடி சோதித்தபோது ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 2019இல் ரெடி-கோவுக்கும் ஒன்றுதான்.

இதைப் படித்தவர்கள் ‘பிளாட்ஃபார்மே அப்படி’ என்று முடிவுகட்டினார்கள். அது சரியில்லை. 2017இல் அதே க்விட் பிரேசிலில், குரிச்சிபா நகரை ஒட்டிய ரெனோ ஆலையில் தயாராகத் தொடங்கியது. அங்கே நான்கு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் எல்லா வகைகளிலும் உண்டு. கூடு வலுப்படுத்தப்பட்டது, எடை 750 கிலோவைத் தாண்டியது. லத்தீன் அமெரிக்காவுக்கான என்.சி.ஏ.பி. சோதனையில் அதற்கு மூன்று நட்சத்திரம். இரண்டு அமைப்புகளின் அளவுகோலும் ஒன்றல்ல, ஆகவே நட்சத்திரத்தை நட்சத்திரத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது. எடையை ஒப்பிடலாம். அந்த நூறு கிலோவின் கணிசமான பகுதி, பிரேசில்காரரைச் சுற்றி இருந்த, நம்மைச் சுற்றி இல்லாத இரும்பு. இந்தியாவில் செய்து தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிய க்விட்டுக்கு, இரண்டு ஏர்பேக்கோடு, 2020இல் இரண்டு நட்சத்திரம். 2021இல் ட்ரைபருக்கு, இந்தியாவிலேயே, பெரியவர் பாதுகாப்பில் நான்கு.

அடித்தளம் ஒன்றுதான்; பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஐந்து விடைகள். பிளாட்ஃபார்ம் எதைத் தாங்க முடியும் என்பதைப் பொறியாளர் முடிவு செய்கிறார். எதைத் தாங்க வைக்க வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் சட்டமும் வாங்குபவரின் பிடிவாதமும் முடிவு செய்கின்றன. 2015இல் இந்தியச் சட்டம் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கவில்லை. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: அன்று ஷோரூமில் தொடுதிரை எத்தனை அங்குலம் என்று கேட்டவர்களில் எத்தனை பேர் ஏர்பேக் பற்றிக் கேட்டோம்? இதைச் சொல்வதால் நிறுவனத்தின் பொறுப்பு குறைந்துவிடாது. ஒரு நாட்டுக்கு வலுவான கூட்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு நாட்டுக்குச் செய்யத் தெரியாமல் போகவில்லை. மூன்று நட்டு சிக்கனம். இது சிக்கனம் அல்ல.

சட்டம் பிறகு வந்தது. 2017 முதல் புதிய மாடல்களுக்கும் 2019 முதல் எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக். பிறகு பக்கத்து இருக்கைக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி. ஒவ்வொன்றும் விலையை ஏற்றியது. பத்தாயிரம் ரூபாய் ஏற்றம் பத்து லட்சம் ரூபாய்க் காரில் தெரியாது. மூன்று லட்சம் ரூபாய்க் காரில் வாங்குபவர் திரும்பிப் போய்விடுவார். க்விட்டின் 800 சி.சி. எஞ்சின் 2023இல் நின்றது. ஆல்டோ 800 அதே ஆண்டில் நின்றது. பாதுகாப்பு விதிகள்தான் சிறிய காரைக் கொன்றன என்று தொழில்துறை அடிக்கடி சொல்கிறது. பாதி உண்மை. விதி வரும் என்று தெரிந்தே, விதி இல்லாத காலத்தின் எடையில் கார் செய்தவர்களின் பங்கும் அதில் உண்டு.

இந்த அடித்தளத்தின் எதிர்பாராத வாரிசு சீனாவில் பிறந்தது. 2017இல் ரெனோ, நிசான், டோங்ஃபெங் மூன்றும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கின. ஹூபெய் மாகாணத்தின் ஷியான் நகரில், க்விட்டின் உடலுக்குள் பேட்டரி வைத்து மின்கார் ஆக்கினார்கள். அதுதான் 2021இல் ஐரோப்பாவில் டாச்சியா ஸ்பிரிங் என்று விற்பனைக்கு வந்தது. 26.8 கிலோவாட்-மணி பேட்டரி, 33 கிலோவாட் மோட்டார், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. அரசு மானியம் போகப் பிரான்சில் மிக மலிவான மின்கார்களில் ஒன்று. மின்கார் என்றாலே இரண்டு டன் என்றிருந்த காலத்தில், ஒரகடத்துச் சிக்கனம் அங்கே ஒரு புதுமையாக நின்றது. யூரோ என்.சி.ஏ.பி. அதற்குக் கொடுத்தது ஒரு நட்சத்திரம். மூலதோஷம் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. 2024இல் பிரான்ஸ், உற்பத்தியின்போது வெளியாகும் கரியையும் கணக்கில் எடுக்கத் தொடங்கியதும், சீனாவில் செய்த ஸ்பிரிங் மானியப் பட்டியலிலிருந்து விழுந்தது. இந்தியாவில் அந்த மின்கார் விற்பனைக்கு வரவேயில்லை. க்விட்டின் தாயூர் சென்னை என்பதை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

தெத்தூர்பே 2019 டிசம்பரில் காலமானார். ஸ்பிரிங் ஐரோப்பியச் சாலைகளில் ஓடியதை அவர் பார்க்கவில்லை.

பகிர்வின் மற்றொரு பாதி, நிறுவனங்களுக்கு இடையிலானது, பிளாட்ஃபார்மைவிடக் குறைந்த ஆயுளுடையதாக இருந்தது. ஒரகடம் ஆலையில் நிசானுக்கு 70 சதவீதமும் ரெனோவுக்கு 30 சதவீதமும் பங்கு இருந்தது. 2023இல் அதை 51க்கு 49 என்று மாற்ற ஒப்புக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் நிசான் தன் பங்கு முழுவதையும் ரெனோவுக்குக் கொடுத்துவிட்டது. மேக்னைட் தொடர்ந்து அங்கேதான் தயாராகிறது. ட்ரைபரை ஒட்டி நிசான் அறிவித்த ஏழு இருக்கை காரும் அங்கிருந்துதான். ஒரு காலத்தில் ஆலையின் பெரும் பங்காளியாக இருந்த நிசான், இன்று அந்த ஆலையின் வாடிக்கையாளர்.

க்விட் இன்னும் விற்கிறது. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபின் அதன் தொடக்க விலை ஏறக்குறைய 4.3 லட்சமானது. பத்தாண்டு நிறைவையொட்டி மேல்வகைக்கு ஆறு ஏர்பேக் கொடுத்திருக்கிறார்கள். மேல்வகைக்கு மட்டும்.